சின்ன டர்போ காருக்கு அகல டயர்: பழைய ரிம்மிலேயே போடலாமா?

சின்ன கார், ஆனால் நல்ல பிக்அப். இப்படிப்பட்ட டர்போ ஹேட்ச்பேக் கார்களை செகண்ட் ஹேண்டில் வாங்குவோர் இப்போது அதிகம். வாங்கிய சில மாதங்களில் டயர் மாற்ற வேண்டியிருக்கும். கடைக்குப் போனதும் எல்லோரும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "ஒரு சைஸ் கூட்டிப் போட்டுக்கலாமா? ரிம் அதேதான் இருக்கு."

"தாராளமா போடலாம் சார், ஒண்ணும் ஆகாது" என்ற பதிலும் உடனே வரும். சில அளவுகளுக்கு இந்தப் பதில் சரி. சில அளவுகளுக்கு இது ஆபத்து. டயர் அகலத்தில் கூடும் 10 மில்லிமீட்டருக்கும் 20 மில்லிமீட்டருக்கும் நடுவில்தான் பல நேரம் இந்த வேறுபாடு இருக்கிறது. பணம் கொடுப்பதற்கு முன் நீங்களே சரிபார்க்க வேண்டியவற்றை இக்கட்டுரை விளக்குகிறது. பெரும்பாலானவற்றை உங்கள் கைப்பேசியிலேயே செய்துவிடலாம்.

உதாரணத்துக்கு ஒரு காரை எடுத்துக்கொள்வோம். 2013-இல் இந்தியாவில் விற்பனைக்கு வந்த ஃபோக்ஸ்வேகன் போலோ ஜிடி டிஎஸ்ஐ, 1.2 லிட்டர் டர்போ எஞ்சினும் 105 குதிரைத்திறனும் கொண்டது. 2022-இல் போலோ விற்பனை நின்றுவிட்டாலும், நம் சாலைகளில் நிறைய ஓடுகிறது. 15 அங்குல ரிம்மில் நிறுவனம் கொடுத்த டயர் அளவு 185/60 ஆர்15. உங்கள் கார் வேறாக இருந்தாலும் கணக்கு போடும் முறை இதேதான்.

டயரில் எழுதியிருப்பது என்ன?

டயரின் பக்கச்சுவரில் 185/60 ஆர்15 84 எச் என்று இருந்தால்:

• 185: டயரின் அகலம், மில்லிமீட்டரில்.
• 60: பக்கச்சுவரின் உயரம், அகலத்தில் எத்தனை சதவீதம் என்பது. 185-இல் 60 சதவீதம், அதாவது 111 மி.மீ.
• ஆர்: ரேடியல் வகை டயர்.
• 15: ரிம்மின் விட்டம், அங்குலத்தில்.
• 84: எடைக் குறியீடு. 84 என்றால் ஒரு டயர் 500 கிலோ வரை தாங்கும்.
• எச்: வேகக் குறியீடு. மணிக்கு 210 கி.மீ. வரை.

பலரும் கவனிக்காத இன்னொரு எண், ரிம்மின் அகலம். அது டயரில் இருக்காது. சக்கரத்தைக் கழற்றினால், ரிம்மின் உட்புறத்தில் 6ஜே×15 என்பது போலப் பொறித்திருக்கும். இதில் 6 என்பது ரிம்மின் அகலம், அங்குலத்தில். பஞ்சர் போடும்போதோ அலைன்மென்ட் செய்யும்போதோ இதை ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அகல டயர் போடலாமா என்பதை முதலில் முடிவு செய்வது இந்த எண்தான்.

அகலம் கூடினால் கிரிப் கூடுமா?

"டயர் அகலமா இருந்தா ரோட்டுல ஒட்டுற இடம் கூடும், அதனால பிடிமானம் கூடும்" என்பது பொதுவான நம்பிக்கை. இது பாதிதான் உண்மை.

காரின் எடையைத் தாங்குவது பெரும்பாலும் டயருக்குள் இருக்கும் காற்றுதான். முன் சக்கரம் ஒன்றின் மேல் 330 கிலோ இருக்கிறது, காற்று 32 பிஎஸ்ஐ (ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 2.25 கிலோ) என்று வைத்துக்கொள்வோம். 330-ஐ 2.25-ஆல் வகுத்தால் சுமார் 147 சதுர சென்டிமீட்டர். உங்கள் உள்ளங்கையும் விரல்களும் சேர்ந்த அளவு இடம்தான் சாலையைத் தொடுகிறது. டயர் 185 ஆக இருந்தாலும் 195 ஆக இருந்தாலும், காற்றும் எடையும் மாறாதவரை இந்தப் பரப்பு பெரிதாக மாறாது. அதன் வடிவம்தான் மாறும்: அகலம் கூடி, நீளம் குறையும்.

இந்த வடிவ மாற்றத்தால் வளைவுகளில் கார் கொஞ்சம் உறுதியாகத் திரும்பும். காய்ந்த சாலையில் இந்த நன்மையை உணரலாம். ஆனால் டயரின் பிடிமானத்தை அதைவிட அதிகமாக முடிவு செய்வது ரப்பர் கலவையும், பட்டன் என்று நாம் சொல்லும் டிரெட் அமைப்பும்தான். மலிவான 205 டயரைவிடத் தரமான 185 டயர், பிரேக் போட்டால் முன்னதாக நிற்கக்கூடும்.

மழையில் கணக்கு தலைகீழாகிறது. தண்ணீர் தேங்கிய சாலையில் டயர் தண்ணீரைப் பிளந்து வெளியே தள்ள வேண்டும். அகல டயருக்கு முன்னால் தள்ள வேண்டிய தண்ணீர் அதிகம். தள்ள முடியாத வேகத்தில் டயர் தண்ணீரின் மேல் மிதக்கத் தொடங்கும். அந்த நேரத்தில் ஸ்டீயரிங்கும் வேலை செய்யாது, பிரேக்கும் வேலை செய்யாது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையில் நம் நெடுஞ்சாலைகள் எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். அப்போது அகலத்தைவிடப் பட்டனின் ஆழமும் சரியான காற்றழுத்தமும்தான் உங்களைக் காப்பாற்றும்.

மற்ற விளைவுகளும் உண்டு. டயர் எடை கூடுவதால் பிக்அப் சற்றே மந்தமாகும், மைலேஜ் கொஞ்சம் குறையும், நிறுத்தும் இடத்தில் ஸ்டீயரிங் சற்றுக் கனமாகும்.

ரிம் எவ்வளவு தாங்கும்?

ஒவ்வொரு டயர் அளவுக்கும் குறைந்தபட்ச, அதிகபட்ச ரிம் அகலம் உண்டு. டயர் நிறுவனங்கள் தங்கள் அளவு அட்டவணையில் இதை வெளியிடுகின்றன. இந்தியாவில் இந்திய டயர் தொழில்நுட்ப ஆலோசனைக் குழுவின் தரக் கையேட்டிலும் இது உள்ளது. நம் உதாரணத்துக்கான எண்கள்:

• 185/60 ஆர்15: ரிம் 5 முதல் 6.5 அங்குலம் வரை
• 195/60 ஆர்15: 5.5 முதல் 7 வரை
• 205/55 ஆர்15: 5.5 முதல் 7.5 வரை

6 அங்குல ரிம்மில் 195 வசதியாக உட்காரும். 205-ம் வரம்புக்குள்தான். ஆனால் அது கீழ் எல்லைக்கு அருகில் இருக்கிறது.

வரம்புக்குக் கீழே போனால் என்ன ஆகும்? குறுகிய ரிம்மில் அகல டயரை மாட்டினால், அதன் இரு விளிம்புகளும் உள்ளே இழுக்கப்பட்டுப் பக்கச்சுவர் புடைத்து நிற்கும். நடுப்பகுதி மட்டும் சாலையில் அழுந்தி, பட்டன் நடுவில் சீக்கிரம் தேயும். வளைவில் பக்கச்சுவர் சாய்ந்து ஆடும். ஸ்டீயரிங்கைத் திருப்பியதும் கார் உடனே திரும்பாமல், ஒரு கணம் யோசித்துத் திரும்புவது போல இருக்கும். பிடிமானத்துக்காகப் போட்ட டயர், இருந்த துல்லியத்தையும் எடுத்துவிடும்.

அதனால் 5 அங்குல ரிம்முடன் வரும் பேஸ் மாடல் கார் வைத்திருப்பவர்கள் 195 டயரைப் பழைய ரிம்மில் போடக் கூடாது. "மாட்டினா ஏறுது சார்" என்பது சான்று ஆகாது. இயந்திரத்தில் வைத்து அழுத்தினால் பொருந்தாத டயரும் ஏறும்.

உயரக் கணக்கு: ஸ்பீடோமீட்டர் பொய் சொல்லுமா?

அகலம் கூடும்போது உயரமும் கூடலாம். ஏனெனில் இரண்டாவது எண் ஒரு சதவீதம்தான். கணக்கு எளிது: அகலம் × சதவீதம் × 2, அதனுடன் ரிம்மின் விட்டம் (15 அங்குலம் = 381 மி.மீ.). கைப்பேசிக் கால்குலேட்டரில் போட்டுப் பாருங்கள்.

• 185/60 ஆர்15: 603 மி.மீ. இதுதான் நிறுவன அளவு
• 195/55 ஆர்15: 595.5 மி.மீ., சுமார் 1.2 சதவீதம் குறைவு
• 195/60 ஆர்15: 615 மி.மீ., 2 சதவீதம் கூடுதல்
• 205/55 ஆர்15: 606.5 மி.மீ., 0.6 சதவீதம் கூடுதல்
• 205/60 ஆர்15: 627 மி.மீ., 4 சதவீதம் கூடுதல்

கடைசி அளவைப் பாருங்கள். ஸ்பீடோமீட்டர் 80 காட்டும்போது கார் முன்பு ஓடியதைவிட 4 சதவீதம் கூடுதல் வேகத்தில் ஓடும். 80 என்று நினைத்து 83-இல் போவீர்கள். ஓடோமீட்டர் 10,000 கி.மீ. காட்டும்போது உண்மையில் 10,400 ஓடியிருக்கும். சக்கரம் பெரிதானதால் அதே பிரேக்குக்கு வேலையும் கூடும். வித்தியாசம் 3 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது டயர் தொழிலில் பொதுவாகக் கடைப்பிடிக்கும் அளவு. 2 சதவீதத்துக்குள் இருந்தால் இன்னும் நல்லது.

ஏ.பி.எஸ்., ஸ்டெபிலிட்டி கண்ட்ரோல் ஆகியவை நான்கு சக்கரங்களின் சுழற்சியை ஒப்பிட்டே வேலை செய்கின்றன. எனவே முன்னால் இரண்டு மட்டும் அகலம், பின்னால் பழையது என்று கலந்து போடாதீர்கள். போட்டால் நான்கும் ஒரே அளவு, ஒரே வகை. ஸ்டெப்னி பழைய அளவிலேயே இருந்தால், அதைப் பஞ்சர் கடை வரை மெதுவாக ஓட்டிச் செல்ல மட்டும் பயன்படுத்துங்கள்.

உள்ளே இடம் இருக்கா?

டயர் 10 மி.மீ. அகலமானால் உள்பக்கம் 5, வெளிப்பக்கம் 5 என்று பிரியும். 20 கூடினால் பக்கத்துக்குப் பத்து. உள்பக்கம் சஸ்பென்ஷன் ஸ்ட்ரட் இருக்கிறது. அதற்கும் டயருக்கும் நடுவில் பல சின்ன கார்களில் விரல் நுழையும் இடம்தான் இருக்கும். ஒரே அளவு என்று எழுதியிருந்தாலும் நிறுவனத்துக்கு நிறுவனம் டயரின் உண்மையான அகலம் சில மில்லிமீட்டர் மாறும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

கார் நிற்கும்போது உரசாத டயர், ஓடும்போது உரசலாம். மூன்று நிலைகளில் பார்க்க வேண்டும்:

• ஸ்டீயரிங்கை இரு பக்கமும் முழுவதும் திருப்பிய நிலை.
• ஐந்து பேர் உட்கார்ந்து, டிக்கியில் சாமானும் இருக்கும்போது வேகத்தடை ஏறி இறங்கும் நிலை.
• வளைவில் கார் ஒரு பக்கம் சாயும் நிலை.

முதலில் ஒரு டயரை மட்டும் முன் சக்கரத்தில் மாட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். உரசினால் மற்ற மூன்றையும் பிரிக்காமலே திருப்பிக் கொடுக்கலாம். "ஸ்பேசர் போட்டுடலாம் சார், சரியாயிடும்" என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். ஸ்பேசர் சக்கரத்தை வெளியே தள்ளும்; வீல் பேரிங்குக்கும் போல்ட்டுக்கும் கூடுதல் சுமை. டயர் மட்கார்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டும் நிற்கும்.

எடை, வேகக் குறியீடுகள்

புதிய டயரின் எடைக் குறியீடும் வேகக் குறியீடும் பழையதற்குச் சமமாகவோ கூடுதலாகவோ இருக்க வேண்டும். 84 எச் இருந்த இடத்தில் 88 எச் போடலாம் (88 என்றால் 560 கிலோ). 84 டி போடக் கூடாது. டி என்பது மணிக்கு 190 கி.மீ. வரைதான். "நான் எங்க 190-ல போகப்போறேன்?" என்று தோன்றலாம். வேகக் குறியீடு என்பது டயர் எவ்வளவு வெப்பத்தைத் தாங்கும் என்பதன் அளவும்தான். சித்திரை வெயிலில் நான்குவழிச் சாலையில் மணிக்கணக்கில் ஓடும் டயருக்கு அந்தத் தாங்கும் திறன் தேவை.

சட்டம் என்ன சொல்கிறது?

தேய்ந்த டயரை மாற்றுவது குற்றமல்ல, கடமை. மத்திய மோட்டார் வாகன விதிகளின் விதி 94-இன்படி காரின் டயர் பட்டன் ஆழம் 1.6 மி.மீ.க்குக் குறையக் கூடாது. கார் டயர்கள் ஐ.எஸ். 15633 என்ற இந்தியத் தரத்துக்கு உட்பட்டு ஐ.எஸ்.ஐ. முத்திரை பெற்றிருக்க வேண்டும்.

ஆனால் அளவை விருப்பம்போல மாற்றுவது வேறு விஷயம். மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் பிரிவு 52, தயாரிப்பு நிறுவனம் முதலில் குறிப்பிட்டதிலிருந்து மாறுபடும் வகையில் வாகனத்தை மாற்றியமைப்பதைத் தடை செய்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் ஒரு தீர்ப்பில் இதை உறுதி செய்தது. 2019-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டத்தில் வந்த பிரிவு 182ஏ(4), அனுமதியின்றி மாற்றம் செய்யும் உரிமையாளருக்கு 6 மாதம் வரை சிறை, அல்லது ஒரு மாற்றத்துக்கு ₹5,000 வீதம் அபராதம், அல்லது இரண்டும் விதிக்க இடம் தருகிறது.

பாதுகாப்பான எல்லைக்கோடு எது? உங்கள் காரின் ஓட்டுநர் கதவுத் தூணில் ஒட்டியுள்ள ஸ்டிக்கரிலும் உரிமையாளர் கையேட்டிலும் உங்கள் மாடலுக்குக் கொடுத்துள்ள டயர் அளவுகள். அதற்குள் இருக்கும்வரை கேள்வியே எழாது. அதற்கு வெளியே போக நினைத்தால், டயர் வாங்குவதற்கு முன்பே நிறுவனத்தின் சர்வீஸ் மையத்துக்கு மின்னஞ்சல் அனுப்பி எழுத்துமூலம் பதில் வாங்குங்கள். சந்தேகம் இருந்தால் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திலும் கேளுங்கள். காப்பீட்டு நிறுவனத்துக்கும் தெரிவியுங்கள். விபத்து நடந்தபின் சர்வேயர் வந்து டயர் அளவைக் குறித்துக்கொள்ளும்போது விளக்கம் சொல்வதைவிட, முன்பே ஒரு மின்னஞ்சல் அனுப்புவது எளிது. வாரண்டி மீதமுள்ள காரில் ஸ்டீயரிங், சஸ்பென்ஷன் தொடர்பான கோரிக்கைகளுக்கும் இது பொருந்தும்.

கைப்பேசியில் செய்ய வேண்டியவை

1. நான்கு போட்டோ எடுங்கள்: கதவு ஸ்டிக்கர், இப்போதுள்ள டயரின் எண்கள், ரிம்மின் உட்புற எண், ஸ்டெப்னி.

2. எம்பரிவாஹன் அல்லது டிஜிலாக்கர் செயலியில் ஆர்.சி.யைத் திறந்து, மாடலும் தயாரிப்பு ஆண்டும் சரியாக உள்ளனவா என்று பாருங்கள். செகண்ட் ஹேண்ட் கார்களில் முந்தைய உரிமையாளர் ரிம்மையே மாற்றியிருக்கலாம். காரில் இருக்கும் டயர் அளவு நிறுவன அளவுதான் என்று நினைத்துவிடாதீர்கள். கதவு ஸ்டிக்கருடன் ஒப்பிடுங்கள்.

3. பி.ஐ.எஸ். கேர் செயலியைப் பதிவிறக்குங்கள். டயரில் ஐ.எஸ்.ஐ. முத்திரையுடன் உள்ள உரிம எண்ணை அதில் உள்ளிட்டால், உரிமம் யாருடையது, நடப்பில் உள்ளதா என்று தெரியும்.

4. தயாரிப்புத் தேதியைப் பாருங்கள். பக்கச்சுவரில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கங்கள் இருக்கும். 2324 என்றால் 2024-ஆம் ஆண்டின் 23-வது வாரம். நான்கு டயரும் ஏறக்குறைய ஒரே காலத்தவையாக இருக்கட்டும்.

5. ஜி.எஸ்.டி. பில் கேட்டு வாங்குங்கள். டயரின் அளவு, குறியீடு, வரிசை எண் ஆகியவை பில்லிலோ வாரண்டி அட்டையிலோ இருக்க வேண்டும். "பில் இல்லாம வாங்கினா குறைச்சுத் தர்றேன்" என்றால், குறைவது விலை மட்டுமல்ல, உங்கள் உரிமையும்தான்.

6. பொருந்தாத அளவைப் பொருந்தும் என்று சொல்லி விற்றிருந்தால், முதலில் கடைக்கு எழுத்துமூலம் தெரிவியுங்கள். தீர்வு கிடைக்காவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைக்கலாம். அடுத்த கட்டமாக இ-ஜாக்ரிதி இணையதளம் வழியாக மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் புகார் பதியலாம். பொருளுக்குக் கொடுத்த தொகை ₹5 லட்சம் வரை இருந்தால் கட்டணம் இல்லை. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் பதிய வேண்டும்.

டயர் மாற்றிய பின்

அன்றே வீல் அலைன்மென்ட்டும் பேலன்சிங்கும் செய்துவிடுங்கள். காற்றழுத்தத்துக்குக் கதவு ஸ்டிக்கரில் உள்ள அளவே அடிப்படை. டயர் குளிர்ந்திருக்கும்போது பாருங்கள். "அகல டயருக்குக் கம்மியா வச்சா சாஃப்ட்டா இருக்கும்" என்ற யோசனையை ஏற்க வேண்டாம். காற்று குறைந்தால் டயர் சூடாகும். டயர் அழுத்த எச்சரிக்கை வசதி உள்ள கார்களில் அதை ரீசெட் செய்யுங்கள்.

முதல் வாரம் மெதுவாக ஓட்டுங்கள். பிறகு சக்கர வளைவுக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். பிளாஸ்டிக் லைனரில் பளபளப்பான கோடோ, டயரின் உள் விளிம்பில் கீறலோ இருந்தால் உரசுகிறது என்று அர்த்தம். அதைக் கவனிக்காமல் விட்டால், உள்பக்கம் அறுபட்ட டயர் ஒருநாள் நெடுஞ்சாலையில் வெடிக்கும்.

ஆக, போடலாமா வேண்டாமா?

நம் உதாரணக் காரின் 6 அங்குல ரிம்மில் 195/60 ஆர்15 ரிம் வரம்புக்குள் பொருந்துகிறது. உயர வித்தியாசம் 2 சதவீதம். எடைக் குறியீடும் குறையவில்லை. நிறுவனத்தின் எழுத்துமூலப் பதில் சாதகமாக இருந்து, மாட்டிப் பார்த்ததில் உரசலும் இல்லையென்றால் யோசிக்கலாம். 205/55-க்கு உயரக் கணக்கு சரிதான். ஆனால் பக்கத்துக்கு 10 மி.மீ. இடம் வேண்டும், ரிம்மும் கீழ் எல்லைக்கு அருகில் போய்விடும். 205/60 வேண்டாம், ரிம்மில் ஏறினாலும் உயரக் கணக்கில் தோற்றுவிடுகிறது.

இவ்வளவு யோசிக்க நேரமில்லை என்பவர்களுக்கு இன்னொரு நல்ல வழி இருக்கிறது. அகலத்துக்காகக் கூடுதலாகக் கொடுக்க இருந்த பணத்தை அதே 185/60 அளவிலேயே ஒரு படி தரமான, ஈரச் சாலையில் நன்றாகப் பிடிக்கும் டயருக்குக் கொடுங்கள். அலைன்மென்ட், ஸ்பீடோமீட்டர், காப்பீடு, சட்டம் எதிலும் சிக்கல் இல்லை. மழையில் திடீரென்று பிரேக் போடும் அந்த ஒரு நாளில், கூடுதல் 10 மி.மீ. அகலத்தைவிட இதுவே அதிகம் உதவும்.